திரையில் ஒரே தேதி, ஒப்பிட்டால் வேறு வேறா?

கேள்வி: இரு கோப்புகளிலும் 01-01-2024 என்றே தெரிகிறது. ஆனால் இரண்டும் சமமில்லை என்று மென்பொருள் சொல்கிறது. ஏன்?

பதில்: திரையில் காண்பது தேதியின் தோற்றம் மட்டுமே, உள்ளே இருப்பது, ஒரு தொடக்க நாளிலிருந்து எண்ணி வந்த வெறும் எண். அந்தத் தொடக்க நாள் மென்பொருளுக்கு மென்பொருள் மாறுகிறது. புள்ளியியல் மென்பொருள்களில் ஆர் மொழி (R) 1970 ஜனவரி 1-ஐயும், சாஸ் (SAS), ஸ்டேட்டா (Stata) இரண்டும் 1960 ஜனவரி 1-ஐயும் சுழியமாகக் கொள்வதால், நீங்கள் குறிப்பிடும் அதே நாள் ஆர் மொழியில் 19723 ஆகவும், சாஸில் 23376 ஆகவும், எக்செலின் வழக்கமான முறையில் 45292 ஆகவும் பதிவாகிறது. எஸ்பிஎஸ்எஸ் (SPSS) என்ற இன்னொரு புள்ளியியல் மென்பொருள் நாட்களை விட்டுவிட்டு, 1582 அக்டோபர் 14 முதல் கடந்த நொடிகளை எண்ணுகிறது.

ஒரே மென்பொருளுக்குள்ளும் இந்தச் சிக்கல் வரும். எக்செலில் நண்பகல் 12 மணி என்ற நேரமும் சேர்ந்திருந்தால் மதிப்பு 45292.5 ஆகிவிடும், நேரம் திரையில் மறைந்திருந்தாலும் ஒப்பீட்டில் மறைவதில்லை. உங்கள் கோப்பில் முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

அடுத்தது, தேதி உரையாகவே பதிவாகியிருப்பது. உரையாக ஒப்பிட்டால் 09-02-2024 என்பது 10-01-2024-க்கு முன்னால் நின்றுவிடும்.

விடுபட்ட தேதிகளில் மிகுந்த கவனம் தேவை. சாஸ் அவற்றை எந்த எண்ணையும்விடச் சிறியதாகவும், ஸ்டேட்டா எந்த எண்ணையும்விடப் பெரியதாகவும் கருதுகின்றன; ஆகவே 'இந்த நாளுக்கு முன்' என்று சாஸில் வடிகட்டும்போது, தேதியே இல்லாத பதிவுகளும் சத்தமின்றி உள்ளே வந்துவிடும்.