சிறிய உலோகப் பூச்சுப் பட்டறைகள் ஆபத்தான கழுவு கரைப்பான்களைக் கைவிட எப்படி உதவலாம்?

முலாம் பூசுதல், பவுடர் கோட்டிங், அனோடைசிங் (மின்சாரத்தால் அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் உண்டாக்குதல்) செய்யும் சிறிய பட்டறைகள் எண்ணெய்ப் பிசுக்கை நீக்க டிரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்களை ஏன் விட மறுக்கின்றன, அவை மாறுவதற்கு வெளியிலிருந்து ஒருவர் என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தகைய மாற்றங்களில் பட்டறைகளுக்குத் துணைநின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆபத்தை எடுத்துரைப்பது இந்த உதவியில் மிகச் சிறிய பகுதி. அந்த ஆவி தலையைச் சுற்றவைக்கும் என்பது தொட்டியருகே நிற்பவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். உரிமையாளர் அஞ்சுவது வேறொன்றுக்கு. பிசுக்கு சரியாகப் போகாமல் முலாம் உரிந்து, சரக்கு முழுவதும் திரும்பி வந்தால், அந்த வாடிக்கையாளரையே இழக்க நேரிடும். அவருடைய சொந்தச் சரக்கின் மீது செய்து காட்டும் சோதனைதான் அந்த அச்சத்தைப் போக்கும்.

பழைய முறையின் வசதியையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். டிரைகுளோரோஎத்திலீன் 87 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. அதன் ஆவி குளிர்ந்த உலோகப் பாகத்தின் மீது படிந்து நீர்மமாகி, எண்ணெயைக் கரைத்துக்கொண்டு வழிகிறது. பாகம் உலர்ந்தே வெளியே வருகிறது. அலசவும் வேண்டாம், உலர்த்தவும் வேண்டாம். ஆனால் காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேல் கனமான அந்த ஆவி தாழ்வான இடங்களில் தேங்கும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. சிறுநீரகப் புற்றுநோய்க்கான சான்று அதில் முதன்மையானது.

இங்கேதான் அவசரம் கூடாது. 'தொட்டியை மாற்ற வேண்டாம், டிரம்மை மட்டும் மாற்றினால் போதும்' என்று விற்கப்படும் மாற்றுகளை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். டிரைகுளோரோஎத்திலீனுக்குப் பதிலாக வந்த 1,1,1-டிரைகுளோரோஈத்தேன் ஓசோன் படலத்தைச் சிதைப்பது தெரிந்து மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் விலக்கப்பட்டது. அந்த இடத்தைப் பிடித்த என்-புரோப்பைல் புரோமைடு தொழிலாளர்களின் நரம்புகளைப் பாதித்தது. ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுக்கப்படும் லிமோனீன் இயற்கையானது என்றாலும் தீப்பற்றக்கூடியது. காற்றுபட்டுப் பழையதானால் தோலில் ஒவ்வாமையையும் உண்டாக்கும். ஆகவே எந்தக் கரைப்பான் என்று கேட்பதற்கு முன், கரைப்பானே தேவையா என்று கேட்க வேண்டும். பெரும்பாலான வேலைகளுக்குக் காரம் கலந்த சூடான நீரே போதுமானது என்பது என் கருத்து.

அதை உறுதிசெய்ய, பாகத்தின் மீது இருப்பது எந்த எண்ணெய், அது எங்கே ஏறியது என்று விசாரிக்க வேண்டும். பாகத்தை வெட்டி வடிவமைத்து அனுப்பும் முந்தைய பட்டறை நீரில் கரையும் வெட்டு எண்ணெய்க்கு மாறச் சம்மதித்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். உலோகத்தை இழுத்து வடிவமைக்கும்போது பூசப்படும், குளோரின் சேர்ந்த கனமான இழுப்பு எண்ணெயும், பாலிஷ் செய்தபின் இடுக்குகளில் காய்ந்துபோன பஃபிங் சோப்பும் கடினமானவை. அவற்றுக்கு அல்ட்ராசோனிக் (காதுக்குக் கேட்காத மீயொலி) அதிர்வு தேவைப்படலாம். அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் வலிய காரம் அரித்துவிடும் என்பதால் அவற்றுக்குச் சிலிக்கேட் சேர்ந்த மென்காரம் வேண்டும். சோதனைக்கு எடுக்கும் பாகம், பட்டறையில் வரும் சரக்கிலேயே மிக மோசமானதாக, சில நாட்கள் கிடந்து பிசுக்கு இறுகியதாக இருக்கட்டும். அன்றைக்குப் பூசிய எண்ணெய் எதில் போட்டாலும் போய்விடும். கழுவிய பரப்பில் நீர் முத்து முத்தாகப் பிரியாமல் ஒரே படலமாக நிற்கிறதா என்று பார்ப்பது எளிய சோதனைதான். ஆனால் சோப்பு மிச்சமிருந்தாலும் நீர் அப்படியே நிற்கும் என்பதால், நன்றாக அலசிய பிறகே அதை நம்பலாம். பின்பு அதே பாகத்திற்கு முலாம் பூசி, வளைத்துப் பார்த்து, உரிமையாளரின் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே உருவான நச்சுப்பொருள் பயன்பாட்டுக் குறைப்பு நிறுவனம், நிறுவனங்களின் அழுக்குப் பாகங்களையே தன் ஆய்வகத்தில் கழுவிப் பார்த்து ஆலோசனை சொல்கிறது. மற்ற இடங்களிலும் தொழிற்சங்கங்களோ பொறியியல் கல்லூரிகளோ இதைச் செய்ய முடியும்.

மாற்றம் தோற்பது பெரும்பாலும் வாங்கிய நாளில் அல்ல, சில வாரங்கள் கழித்து. நீர்த்தொட்டி கரைப்பானைப் போலத் தன்னைத் தானே சுத்தப்படுத்திக்கொள்ளாது. சூடு குறையும், மேலே எண்ணெய் மிதக்கும், காரம் தீரும். யாரும் கவனிக்காவிட்டால் முலாம் மறுபடி உரியும், பழி புதிய முறையின் மீது விழும். அதனால் மிதக்கும் எண்ணெயை வழித்தெடுக்கவும், சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டு நிறம் மாறுவதைப் பார்த்துக் காரத்தின் அளவை அறியவும் தொட்டியை இயக்குபவருக்கே கற்றுத்தர வேண்டும். இரும்புப் பாகங்கள் அலசிய சில நிமிடங்களிலேயே துருப்பிடிக்கும் என்பதால், காற்றூதி உலர்த்துவதையோ துருத்தடுப்பி சேர்த்த கடைசி அலசலையோ தொடக்கத்திலேயே திட்டத்தில் வைக்க வேண்டும். கழிவுநீரையும் மறக்கலாகாது: இடிடிஏ (உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் வேதிப்பொருள்) போன்றவை கலந்த கழுவுபொருள்கள் உலோகங்களைப் பிடித்துவைத்துக்கொள்வதால், முலாம் பட்டறையின் சுத்திகரிப்பில் அந்த உலோகங்கள் வீழ்படிவாகாமல் தப்பிவிடும்.

இரண்டு முறைகளும் அருகருகே நடக்கும் காலம்தான் எனக்கு மிகுந்த கவலை தருவது. டிரைகுளோரோஎத்திலீன் சொட்டும் பாகத்தை வலிய காரத் தொட்டியில் இறக்கினால், நச்சும் வெடிக்கும் தன்மையும் கொண்ட டைகுளோரோஅசிட்டிலீன் உருவாகலாம். எனவே இரண்டையும் ஒரே வரிசையில் வைக்கவே கூடாது. பழைய தொட்டியில் கரைப்பான் இருக்கும்வரை, வேலை நெருக்கும் இரவில் எவராவது அதையே நாடுவார். புதிய முறையில் முதல் சரக்கு நல்லபடியாகத் தேர்வானவுடன், மீதமுள்ள கரைப்பானையும் அடிச்சேற்றையும் உரிமம் பெற்ற கழிவு நிறுவனத்திடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்து, அந்தச் செலவையும் மாற்றத்தின் மொத்தச் செலவிலேயே முன்கூட்டிச் சேர்த்துக் காட்டுங்கள்.