பால் குடிக்கும் ஆண்களுக்கு எலும்பு முறியுமா?

கேள்வி: எனக்கு வயது 71. பல ஆண்டுகளாகக் காலையிலும் இரவிலும் ஒவ்வொரு டம்ளர் பால் குடித்து வருகிறேன். பால் அதிகம் குடித்த ஆண்களுக்கு வயதான காலத்தில் இடுப்பெலும்பு முறிவு கூடுகிறது என்று ஓர் ஆய்வு சொல்வதாகக் கூறி, அதை நிறுத்திவிடும்படி என் மகன் வற்புறுத்துகிறான். நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டியதில்லை. உங்கள் மகன் குறிப்பிடுவது, 2014-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வாக இருக்கக்கூடும். பதின்பருவத்தில் நாள்தோறும் கூடுதலாகக் குடித்த ஒவ்வொரு டம்ளர் பாலுக்கும், ஆண்களிடையே இடுப்பெலும்பு முறிவு ஏறத்தாழ 9 விழுக்காடு அதிகமாக இருந்ததாக அதில் கண்டார்கள். ஆனால் அந்தக் கணக்கு, 50 வயதைத் தாண்டியவர்கள் தங்கள் இளவயதுப் பழக்கத்தை நினைவுகூர்ந்து சொன்னதை வைத்துப் போடப்பட்டது. மேலும், பால் குடித்து வளர்ந்தவர்கள் சற்று உயரமாக இருந்ததும், உயரமானவர்கள் விழுந்தால் இடுப்பில் அடி பலமாகப் படுவதும் அந்தத் தொடர்புக்கு ஓரளவு காரணம் என்று ஆய்வாளர்களே கருதினார்கள். 71 வயதில் நீங்கள் குடிக்கும் பாலைப் பற்றி அந்த ஆய்வு எதையும் சொல்லவில்லை.

முதுமையில் அருந்தும் பாலைப் பற்றி அறிய, ஆஸ்திரேலியாவில் 60 முதியோர் இல்லங்களில் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான சோதனையே நம் கேள்விக்கு நெருக்கமானது. சில இல்லங்களில் பால், தயிர், பாலாடைக்கட்டி ஆகியவற்றைக் கூட்டிக் கொடுத்ததில், வழக்கமான உணவு தொடர்ந்த இல்லங்களைவிட எலும்பு முறிவுகள் 33 விழுக்காடு குறைந்தன. கீழே விழுவதும் குறைந்தது. இதில் கால்சியத்துக்கு மட்டுமன்றிப் புரதத்துக்கும் பங்குண்டு என்பது என் கருத்து, ஏனெனில் தசை வலுவிழந்தவர்தாம் தடுமாறி விழுகிறார். ஆனால் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் உங்களைவிட மூத்த பெண்கள் என்பதையும், அவர்களின் பழைய உணவில் கால்சியம் போதவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அமெரிக்கப் பரிந்துரையின்படி, 71 வயது முதல் ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். நீங்கள் குடிக்கும் 2 டம்ளரில், ஒன்று 200 மில்லி என்று கொண்டால், ஏறத்தாழ 480 மில்லிகிராம் கிடைக்கும். மீதி மற்ற உணவிலிருந்து வரவேண்டும். வைட்டமின் டி குறைந்தால் அந்தக் கால்சியத்தையும் குடல் சரியாக உறிஞ்சாது.

எலும்புத் தேய்மானம் பெண்களின் நோய் என்று எண்ணி ஆண்கள் பரிசோதனைக்கே போவதில்லை என்பதுதான், பாலைவிட எனக்குக் கவலை தருகிறது. ஸ்டீராய்டு மாத்திரைகளை மாதக்கணக்கில் உட்கொண்டவர்களும், புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் சிகிச்சை பெறுகிறவர்களும், புகை, மது பழக்கம் உள்ளவர்களும், இளமையில் இருந்த உயரத்தில் 4 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிட்டவர்களும் டெக்ஸா ஸ்கேன் எனப்படும் எலும்பு அடர்த்திப் பரிசோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். இவற்றில் எதுவும் உங்களுக்கு இல்லையென்றாலும், 70-ஐக் கடந்துவிட்டதால் கேட்பது நல்லது.

பால் குடித்தபின் வயிறு உப்பினால் தயிருக்கு மாறிக்கொள்ளுங்கள். நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும், பாலில் உள்ள பாஸ்பரஸை முன்னிட்டு, அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.