பியானோ மூடியில் இருப்பது யார் பெயர்?

கேள்வி: குன்னூரில் ஒரு எஸ்டேட் பங்களா ஏலத்தில் தாத்தா எடுத்த பியானோ எங்கள் வீட்டில் இருக்கிறது. சுவரோரம் நிமிர்ந்து நிற்கும் வகை. மூடியில் 'மிஸ்குவித் அண்ட் கோ, மெட்ராஸ்' என்று பொன்னெழுத்து. முன்பக்கம் மெழுகுவர்த்தி வைக்கப் பித்தளைத் தாங்கிகள். எந்தக் காலத்தது? விற்றால் லட்சங்களில் போகுமா?

பதில்: மிஸ்குவித் 1842-இல் மெட்ராஸில் தொடங்கிய கடை. இன்று அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிகல் அதன் வழி வந்ததுதான். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பியானோவில் விற்பவர் தம் பெயரைப் பொறிப்பது அந்நாளைய வழக்கம். அதனால் நீங்கள் படித்தது அநேகமாகக் கடைப் பெயர். செய்தவர் பெயரை உள்ளே தேட வேண்டும்.

மேல்மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். இரும்புச் சட்டத்தில் வார்த்த எழுத்து, மரத்தில் குத்திய நாலைந்து இலக்க எண், விரலால் அழுத்தும் கட்டைகளில் இடக்கோடியில் உள்ளதன் பக்கவாட்டில் பென்சில் கிறுக்கல் எல்லாவற்றையும் படம் எடுங்கள். பெயரும் எண்ணும் சேர்ந்து கிடைத்தால், எந்த எண் எந்த ஆண்டு என்று பட்டியலிட்ட புத்தகங்களில் பார்த்துவிடலாம். எண் மட்டும் கிடைத்தால் பயனில்லை. அப்போது துப்பறிய வேண்டியதுதான். 'மேட் இன் ஜெர்மனி' என்றிருந்தால் பெரும்பாலும் 1887-க்குப் பிந்தையது. அந்த ஆண்டு பிரிட்டன் கொண்டுவந்த சட்டத்தால் பரவிய முத்திரை அது. கண்காட்சிப் பதக்கங்கள் அச்சாகியிருந்தால், கடைசிப் பதக்கத்தின் ஆண்டுக்கு முன் அது பிறந்திருக்க முடியாது. கட்டைகளையும் எண்ணுங்கள்: 88-க்குப் பதில் 85 இருந்தால் பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம். மெழுகுவர்த்தித் தாங்கியை மட்டும் நம்பாதீர்கள், யார் வேண்டுமானாலும் பின்னால் திருகியிருக்கலாம்.

விலை விஷயத்தில் உங்களை ஏமாற்ற மனமில்லை. வயலினைப் போல் வயதாக ஆக மதிப்பேறும் வாத்தியமல்ல இது. தந்திகள் எல்லாம் சேர்ந்து பத்து டன்னுக்கும் மேல் இழுக்கின்றன. அந்த இழுப்பில் தந்திகளைத் தளராமல் பிடித்திருப்பவை, ஒரு மரப்பலகையில் இறுகி நிற்கும் டியூனிங் பின்கள், அதாவது தந்தியைச் சுற்றி முறுக்கும் ஆணிகள். மலையின் ஈரத்தில் ஊதி, கணப்புச் சூட்டில் காய்ந்து அந்தப் பலகை விரிசல் விட்டிருந்தால், இன்று சேர்த்த சுருதி நாளை நிற்காது. டியூனர் ஒருவரை அழைத்து, பின்கள் பிடிக்கின்றனவா, முதுகுப்பக்கப் பலகையில் கறையான் இருக்கிறதா என்று மட்டும் முதலில் கேளுங்கள். பின்கள் பிடிக்காவிட்டால், செப்பனிடும் செலவும் இருநூறு கிலோவுக்கு மேற்பட்டதை மலையிறக்கும் கூலியுமே வாங்குபவரைத் துரத்திவிடும். அப்புறம் அது அழகான மேசைதான். பின்கள் பிடித்து, உள்ளே பெஷ்டைன் என்ற ஜெர்மன் நிறுவனம் மாதிரி ஒரு புகழ்பெற்ற பெயரும் இருந்தால் பேரம் பேசலாம்.

இன்னொன்று. வெள்ளைக் கட்டைகளின் மேல் மெல்லிய ரேகைகளும், முன்பகுதி பின்பகுதியோடு சேரும் இடத்தில் மயிரிழைக் கோடும் தெரிந்தால் அது தந்தமாக இருக்கலாம். தந்த வணிகம் இங்கே சட்டப்படி தடை. விளம்பரம் கொடுக்கும் முன் வனத்துறையிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அதுவரை மூடியைப் பாலிஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம். அந்தப் பொன்னெழுத்து ஒட்டிய படலமாக இருந்தால் துணியோடு வந்துவிடும்.