கடலை நம்பின வீட்டுக்குக் கிழமைக் கணக்கு

கேள்வி: கணவர் கடலுக்குப் போகிறவர். ஒருநாள் 9000 ரூபாய் வரும், பிறகு ஒரு கிழமைக்கு ஒரு சதமும் வராது. வரவு செலவுக் கொப்பி எழுதத் தொடங்கினால் பத்து நாளில் குழம்பிவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, சல்லி, திருகோணமலை

பதில்: தங்கச்சி, நானும் கடலை நம்பின வீட்டில் 22 வருடம் உலை வைத்தவள். மாதச் சம்பளக்காரரைப் போல எழுதினால் எங்களுக்குக் குழம்பத்தான் செய்யும். கிழமைக் கணக்குத்தான் சரி.

முதலில் வள்ளத்துக்கு அடிக்கிற மண்ணெண்ணெய்க் காசையும் வலைக் காசையும் வீட்டுக் காசோடு கலக்காதீர்கள். உங்கள் குழப்பத்தில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன். பிறகு அரிசி, மா, பால்மா, பிள்ளைகளின் பஸ் காசு என்று ஒரு கிழமைக்குத் தவிர்க்கவே முடியாததைக் கூட்டிப் பாருங்கள். அதுதான் உங்கள் கிழமைச் சம்பளம். 9000 வந்த நாளிலும் அதற்கு மேல் தொடாதீர்கள்.

மிச்சத்தை நான் பழைய பால்மா டின்னில் போட்டு, மூடியில் ‘மார்கழி’ என்று எழுதி வைத்திருந்தேன். வாடைக்காற்றில் வள்ளம் கரையில் கிடந்த நாட்களில் அந்த டின்தான் எங்கள் அடுப்பை எரித்தது. மூடியில் அந்த எழுத்தைக் கண்டாலே நீட்டின கை திரும்பிவிடும். தொகை கூடினால் வங்கியில் போடுங்கள்.

மின்சாரத்தையும் கவனியுங்கள். மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே கூடின விலை. நடுமாதத்தில் ஒருதரம் மீற்றரைப் பாருங்கள்.

கடைக் கடன் கொப்பியை மட்டும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை தீர்த்துவிடுங்கள், அம்மா.