யாரோடு யார் மோதுவது? எம்.எம்.ஏ. ஜோடி சேர்ப்பு: வாசகர் கேள்விகள்

கேள்வி: எம்.எம்.ஏ. எனும் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளை நடத்தும் அமெரிக்க நிறுவனமான யு.எஃப்.சி.யில் ஜோடிகளை முடிவு செய்வது அதன் தலைவர் டேனா ஒயிட்தானா?

அறிவிப்பது அவர். பட்டப் போட்டி, பெரிய நட்சத்திரங்களின் போட்டி என்றால் அவரும் மேலிடமும் உட்கார்ந்து பேசுவார்கள். மற்றதெல்லாம் மேட்ச்மேக்கர்கள், அதாவது ஜோடி சேர்ப்பவர்கள் வேலை. நெடுங்காலம் அந்த நாற்காலியில் இருந்த ஜோ சில்வா 2016 முடிவில் ஓய்வு பெற்றார். அதன்பின் ஷான் ஷெல்பியும் மிக் மேனார்டும் எடைப் பிரிவுகளைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள்.

ஒரு நிகழ்ச்சிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று போட்டிகள் வேண்டும். முதலில் தேதியும் அரங்கமும், அப்புறம் மெயின் ஈவென்ட் எனும் முக்கியப் போட்டி, பிறகு அதற்குக் கீழே ஒவ்வொன்றாக. மேனேஜருக்கு வரும் செய்தியில் மூன்றே விஷயம்தான் முக்கியம்: எதிராளி பெயர், தேதி, எடை. அவர் வீரரையும் பயிற்சியாளரையும் கேட்பார். காயம் ஏதும் இருக்கிறதா? இப்போது உடம்பு எத்தனை பவுண்டு? தயாராக எட்டு வாரமாவது கிடைக்குமா? சரி என்றால் எதிர்த் தரப்பிடமும் இதே பேச்சு. இருவரும் அந்தப் போட்டிக்கென்று தனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, போட்டிகளை ஒழுங்குபடுத்தும் உள்ளூர் அத்லெட்டிக் கமிஷனும் ஒப்புக்கொண்டால்தான் போட்டி உறுதி. செய்தியாக நம் கைக்கு வருபவற்றில் பல வாய்வார்த்தைக் கட்டத்திலேயே கசிந்தவை. அடுத்த வாரம் ஜோடி மாறினால் யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை.

கேள்வி: ரேங்கிங்கில் 4-ஆம் இடத்தவருக்கு 5-ஆம் இடத்தவரை விட்டுவிட்டு 11-ஆம் இடத்தவரைக் கொடுக்கிறார்கள். பிறகு ரேங்கிங் எதற்கு?

அந்தப் பட்டியல் 2013 பிப்ரவரியில் வந்தது. பத்திரிகையாளர் குழு ஒன்று வாக்களித்து, சாம்பியனுக்குக் கீழே 15 பேரை வரிசைப்படுத்துகிறது. மேட்ச்மேக்கர் அதைப் பார்ப்பார். அதற்குக் கட்டுப்பட்டவர் அல்லர்.

அவருக்கு முதல் கேள்வி, அந்தத் தேதிக்கு யார் சும்மா இருக்கிறார்கள் என்பதுதான். நாக் அவுட் ஆனவருக்குக் கமிஷன் பொதுவாக 30 முதல் 60 நாள் வரை தடை போடும். கை உடைந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் 180 நாள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று தெரிந்தால் முன்பே விடுவிப்பார்கள். 5-ஆம் இடத்தவர் போன மாதம்தான் அடி வாங்கியிருப்பார், அல்லது இருவரும் ஏற்கெனவே இருமுறை மோதியிருப்பார்கள். இன்னொரு சிக்கல், ஒரே பயிற்சிக்கூடத்து நண்பர்கள் மோத மறுப்பது. கேன் வெலாஸ்கெஸ் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்தபோது, அவரோடு பயிற்சி செய்த டேனியல் கோர்மியே 2014-இல் 205 பவுண்டுப் பிரிவுக்கு இறங்கியே போனார்.

இவற்றையெல்லாம் கழித்த பிறகு அடிப்படை விதி ஒன்றுதான்: ஜெயித்தவனுக்கு ஜெயித்தவன், தோற்றவனுக்குத் தோற்றவன், அதுவும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் களம் கண்டவர்களாக. 4-ஆம் இடத்தவருக்கு 11-ஆம் இடத்தவரோடு மோதி லாபம் குறைவு, தோற்றால் சரிவு பெரிது. அப்படியும் ஒப்புக்கொள்கிறார் என்றால், ஓராண்டு சும்மா உட்கார்ந்து கையில் காசில்லாமல் இருப்பதைவிட இது மேல் என்று கணக்குப் போட்டிருப்பார்.

கேள்வி: கொடுத்த எதிராளியை வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

முடியும், விலை உண்டு. ஒப்பந்தம் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைப் போட்டிகளுக்குப் போடப்படும். வீரர் மறுத்தாலோ காயத்தால் விலகினாலோ ஒப்பந்தக் காலம் அதற்கேற்ப நீளும் என்ற வகையில் விதிகள் இருக்கும். சம்பளத்தில் பாதி களம் இறங்குவதற்கு, மறுபாதி ஜெயித்தால் என்ற ஏற்பாடு இளைய வீரர்களிடம் சகஜம். களம் இறங்காவிட்டால் இரண்டும் இல்லை. ஆக, மறுக்கும் சக்தி சாம்பியனுக்கும் கூட்டம் இழுப்பவருக்கும்தான் நிஜமாக உண்டு என்பது என் எண்ணம்.

சாம்பியன் ஜான் ஜோன்ஸ் 2012-இல் செய்தது அதுதான். அவருடைய எதிராளி டான் ஹெண்டர்சனுக்கு முழங்கால் போனது, எட்டு நாளில் சேல் சன்னனோடு மோத ஜோன்ஸ் மறுத்தார், யு.எஃப்.சி. 151 நிகழ்ச்சியே ரத்தானது. பழி முழுவதும் அவர் தலையில் விழுந்தது. ஒரே ஒரு போட்டியை நம்பி ஒரு கார்டையே (ஒரு நிகழ்ச்சியின் போட்டிப் பட்டியலையே) கட்டினால் இப்படித்தான் ஆகும். இது போன்ற ஒப்பந்தங்களை எதிர்த்து 2014 டிசம்பரில் வீரர்கள் தொடுத்த வழக்கொன்று, கடைசியில் 37.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது.

கேள்வி: ஒரு வாரத்துக்கு முன்னால் ஒருவர் விலகினால் மாற்று ஆளை எப்படிப் பிடிக்கிறார்கள்?

திறமையைப் பார்க்க அப்போது நேரமிருக்காது. எடை, மருத்துவச் சான்று, விசா மூன்றும்தான் ஆளை வடிகட்டும். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி ரத்தப் பரிசோதனைகள் செல்லுபடியாக வேண்டும். அமெரிக்காவில் போட்டி என்றால் வேலை விசா இல்லாத பிரேசில்காரரோ ரஷ்யரோ ஏழு நாளில் வந்து சேர மாட்டார். 155 பவுண்டுக்காரர் சாதாரண நாளில் 175 இருப்பார். ஒரு வாரத்தில் இருபது பவுண்டு இறக்கச் சொல்வது ஆபத்து. அதனால் இரு தரப்பும் பேசி நடுவில் ஓர் எடையை வைப்பார்கள், அல்லது மேல் பிரிவிலேயே நடத்துவார்கள். 2016 பிப்ரவரியில், கானர் மெக்ரெகரோடு மோத இருந்த ரஃபேல் டோஸ் அன்ஜோஸின் பாதம் உடைந்தது. பதினோரு நாள் அவகாசத்தில் வந்த நேட் டியாஸ், கானர் மெக்ரெகரை 170 பவுண்டில் சந்தித்து இரண்டாம் ரவுண்டில் கழுத்தை நெரித்துச் சரணடைய வைத்தார். திடீர் மாற்று ஆள் என்றால் பலிகடா என்று நினைப்பவர்கள் அந்தப் போட்டியை ஒருமுறை பார்க்கலாம்.

எல்லாம் ஒரே வாரத்தில் சரிந்த கதை, 2018 ஏப்ரலில் புரூக்ளின் யு.எஃப்.சி. 223. 155 பவுண்டுப் பட்டத்துக்காக கபீப் நுர்மகமெடோவோடு மோத இருந்த டோனி ஃபெர்கூசன் கேபிள் தடுக்கி முழங்கால் கெட்டார். பதிலுக்கு வந்த மேக்ஸ் ஹாலோவேயை, எடை குறைப்பது ஆபத்து என்று நியூயார்க் கமிஷன் நிறுத்தியது. கடைசியில் அதே கார்டில் வேறு போட்டிக்கு வந்திருந்த அல் ஐயாக்வின்டாவை கபீபுக்கு எதிரே நிறுத்தினார்கள். அவர் காட்டிய எடை 155.2. அந்த 0.2 பவுண்டால், ஜெயித்தாலும் பட்டம் அவருக்கு இல்லை என்ற நிலை. கபீபே ஜெயித்தார். கபீப்–ஃபெர்கூசன் போட்டியோ ஐந்து முறை அறிவிக்கப்பட்டு ஐந்து முறையும் நின்றுபோனது.

பெரிய பட்டப் போட்டிகளுக்கு இப்போதெல்லாம் ஒரு ரிசர்வ் வீரரும் எடை காட்டுகிறார். 2020-இல் கபீப்–ஜஸ்டின் கேத்ஜி போட்டிக்கு மைக்கேல் சாண்ட்லர் அப்படித்தான் எடை காட்டினார்.

கேள்வி: எடை தவறினால் போட்டி ரத்தா?

எதிராளி கையில்தான் முடிவு. சாதாரணப் போட்டியில் ஒரு பவுண்டு சலுகை உண்டு, 155 பிரிவில் 156 வரை. அதையும் தாண்டினால், தவறியவர் சம்பளத்தில் 20 அல்லது 30 சதவீதம் எதிராளிக்குப் போகும். அவர் சம்மதித்தால் போட்டி நடக்கும். பட்டப் போட்டியில் சலுகை கிடையாது. 2022 மே மாதம் 155 பவுண்டு சாம்பியன் சார்லஸ் ஒலிவெய்ரா அரை பவுண்டு, அதாவது சுமார் 225 கிராம் கூடியதால் தராசிலேயே பட்டத்தை இழந்தார். மறுநாள் கேத்ஜியை ஜெயித்தும் அது திரும்பவில்லை.

கேள்வி: மலேசியத் தமிழர் அகிலன் தாணியை 2017-இல் பென் ஆஸ்க்ரெனோடு மோத விட்டது நியாயமா?

அவசரம் என்றுதான் சொல்வேன். ஒன் சாம்பியன்ஷிப் எனும் ஆசிய எம்.எம்.ஏ. நிறுவனத்தின் அந்தப் பட்டப் போட்டி சிங்கப்பூரில் நடந்தது. அகிலனுக்கு வயது 21, அதுவரை தோல்வி இல்லை. ஆஸ்க்ரென் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் இருமுறை சாம்பியன், 2008 ஒலிம்பிக் வீரர். முதல் ரவுண்டிலேயே கழுத்துப் பிடியில் முடிந்தது. வளரும் வீரருக்கு வழக்கமான படி வேறு: முதலில் நின்று அடிப்பவர் ஒருவர், பிறகு தரையில் இழுத்துப் போடும் நடுத்தர மல்யுத்தக்காரர், பிறகு களைத்துப்போகாத பழைய கை. தோல்வி இல்லாத பதிவேடு விளம்பரத்துக்கு உதவும். ஒருவர் கீழே விழுந்தால் எழத் தெரிந்தவரா என்று அதில் இருக்காது. ஆனால் நிறுவனத்தின் பக்கமும் ஒன்று உண்டு. ஆஸ்க்ரெனுக்கு அந்தப் பிரிவில் ஆள் தீர்ந்துபோயிருந்தது, வட்டாரக் கூட்டத்துக்குத் தெரிந்த முகம் தேவைப்பட்டது. அடுத்த ஆண்டே ஆஸ்க்ரெனை யு.எஃப்.சி.க்குக் கொடுத்து அங்கே முன்னாள் சாம்பியனான டெமெட்ரியஸ் ஜான்சனை வாங்கிக்கொண்டார்கள்.