பார்த்து வரைவதும் படிப்புதான், அம்மா

அன்று சுங்கை சிப்புட் பள்ளியில் கூட்டம் அதிகம், உங்களிடம் நிதானமாகப் பேச முடியவில்லை. "ரெண்டு மாசமா ஒரே படத்தைப் பார்த்து வரையறா டீச்சர், சொந்தமா ஒன்னும் வரல. இதை நம்பி எப்படிப் படிக்க வைக்கிறது?" என்று கேட்டீர்கள். தோட்டத்தில் வேலை செய்து வளர்க்கும் பிள்ளை, கவலை நியாயம்தான்.

உங்கள் மகள் பார்த்து வரைவது ஷார்டேன் என்ற பிரெஞ்சு ஓவியரின் படம். அவர் 1700களில் வாழ்ந்தவர், அடுப்படிச் செம்புப் பாத்திரத்தையும் பழத்தையும் அவ்வளவு அக்கறையாக வரைந்தவர். பள்ளியில் அலாம் பெண்டா என்று மலாயில் சொல்லித் தருவது இந்த அசையாப் பொருள் ஓவிய வகையைத்தான். பார்த்து வரைவது திருட்டு இல்லை, அம்மா. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்திலேயே ஓவியர்கள் அசல் படத்தின் முன் உட்கார்ந்து வரைய இன்றும் அனுமதி உண்டு. அளவு மட்டும் அசலுக்குச் சமமாக இருக்கக் கூடாது.

இரண்டு மாதமும் வீணாகவில்லை. அவள் தீட்டுவது எண்ணெய் வண்ணம், அது தண்ணீர் வண்ணம் போல ஆவியாகிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து மெல்ல இறுகும். அடிப்பூச்சு டர்பன்டைன் கலந்து மெலிதாக இருக்க வேண்டும், மேலே போகப் போக எண்ணெய் கூட வேண்டும். மாற்றிச் செய்தால் பிற்பாடு வெடிப்பு விடும். அவள் முதலில் பழுப்பு ஒன்றை மட்டும் வைத்து வெளிச்சத்தையும் இருட்டையும் பிரித்திருக்கிறாள். அதைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது. மேசை நிழல்தான் சரியில்லை, வெறும் கறுப்பாக அப்பியிருக்கிறாள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் அந்த நிழலுக்குள்ளும் செம்பின் சிவப்பு தெரியும்.

ஆனால் இதோடு நிறுத்தக் கூடாது. அடுத்து உங்கள் வீட்டுச் சில்வர் குவளையையும் நாலு ரம்புத்தானையும் சன்னலோரம் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் நேரே பார்த்து வரையட்டும். படத்தில் வேறொருவர் ஏற்கெனவே முடிவு செய்து வைத்த நிழலை இங்கே அவளே முடிவு செய்ய வேண்டும். ஆண்டு இறுதிக்குள் இப்படி மூன்று படம் முடித்தால் அப்புறம் படிப்பைப் பற்றி உறுதியாகப் பேசலாம்.

வழி இருக்கிறது. ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். சான்றிதழுக்கு மலாய் மொழியும் வரலாறும் கட்டாயம் தேற வேண்டும், அவற்றை விட்டுவிட்டு வரைய வேண்டாம். ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம்.மில் காட்சிக் கலையைப் பாடமாக எடுக்கலாம். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் நுண்கலை இருக்கிறது. நம் பேராக் மாநிலத்திலேயே தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் பல்கலைக்கழகத்தில் கலைக் கல்வி, அதாவது ஓவிய ஆசிரியருக்கான படிப்பு, படிக்கலாம். ஓவியத்தை மட்டும் நம்பி மாதச் சம்பளம் வரும் என்று நான் சொல்லமாட்டேன். அதனால் ஆசிரியர் வழியை முதலில் யோசிக்கச் சொல்வேன். நேர்முகத்துக்குப் போகும்போது இந்தப் படத்தையும் கொண்டு போகலாம், ஷார்டேனைப் பார்த்து வரைந்தது என்று எழுதி. ஒவ்வொரு பூச்சையும் போனில் படம் பிடித்து வைக்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் இன்றே செய்யுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பற்றலாம். தண்ணீர் நிரப்பிய மூடி போட்ட டின்னில் போடச் சொல்லுங்கள். வரையும் அறையின் சன்னல் திறந்தே இருக்கட்டும். படத்தையும் அலமாரிக்குள் வைக்க வேண்டாம், இருட்டில் அந்த எண்ணெய் மஞ்சள் தட்டும்.