காலாவதியான லைசென்ஸை மீட்க முடியுமா? புளோரிடா நர்சிங் ஹோம் நிர்வாகிகளின் கேள்விகளும் பதில்களும்

புளோரிடாவில் நர்சிங் ஹோம், அதாவது முதியோர் பராமரிப்பு இல்லம், அதன் நிர்வாகிகளாக இருக்கும் தமிழ் நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் விதி வேறு. பென்சில்வேனியாவில் 48 மணி நேரத் தொடர்பயிற்சி கேட்பார்கள், இங்கே 40. ஆகவே கீழே இருப்பது புளோரிடாவுக்கு மட்டுமே பொருந்தும்.

அக்கா, போன வருஷம்தான் லைசென்ஸ் வாங்கினேன். எப்போது புதுப்பிக்க வேண்டும்?

இரட்டைப்படை ஆண்டுகளில் செப்டம்பர் 30. 2026, 2028 என்று போகும். நீங்கள் எந்த மாதத்தில் வாங்கினீர்கள் என்பது கணக்கில் வராது, எல்லோருக்கும் ஒரே கெடு. வழக்கமான இரண்டாண்டுச் சுற்றில் 40 மணி நேரப் பயிற்சி வேண்டும். முதல் சுற்றில் உங்களுக்கு எவ்வளவு என்பது, பயிற்சி நேரங்களைப் பதிவு செய்யும் சிஇ ப்ரோக்கர் இணையதளத்தில் உங்கள் கணக்கைத் திறந்தால் தெரியும். முடித்த மணி நேரங்கள் அங்கே பதிவாகியிருக்க வேண்டும். புதுப்பிக்கும்போது சுகாதாரத் துறை அங்கேதான் பார்க்கும். சான்றிதழ் உங்கள் மேஜை டிராயரில் பத்திரமாக இருந்தாலும், அங்கே ஏறவில்லை என்றால் வேலை நகராது. ஆகஸ்டிலேயே ஒருமுறை உள்ளே போய்ச் சரிபார்த்துவிடுங்கள்.

2024 செப்டம்பரைத் தவறவிட்டேன். வீடு மாறியதால் நோட்டீஸே கைக்கு வரவில்லை. இதைக் காரணமாகச் சொல்லலாமா?

சொல்லிப் பயனில்லை. முகவரி மாறினால் துறைக்குத் தெரிவிப்பது லைசென்ஸ் வைத்திருப்பவரின் கடமை. கடைசியாகப் பதிவில் இருந்த முகவரிக்குச் சாதாரணத் தபாலில் அனுப்பியிருந்தாலே போதுமான அறிவிப்பு என்கிறது சட்டம்.

உங்கள் லைசென்ஸ் இப்போது கெடு தவறிய நிலையில் இருக்கிறது, ஆனால் இன்னும் சாகவில்லை. அடுத்த கெடுவான 2026 செப்டம்பர் 30-க்குள் தாமதக் கட்டணத்தையும் மற்றக் கட்டணங்களையும் செலுத்தி, விட்டுப்போன சுற்றுக்கான பயிற்சி மணி நேரங்களையும் காட்டினால் மீட்டுவிடலாம். அந்தத் தேதியும் போய்விட்டால் லைசென்ஸ் செல்லாததாகிவிடும். அதற்குப் பிறகு புதுப்பித்தல் என்ற பேச்சே இல்லை. மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு இதை முடியுங்கள்.

மீட்டு வரும்வரை வழக்கம்போல வேலையைப் பார்க்கச் சொல்கிறார் முதலாளி. "யாருக்குத் தெரியப்போகிறது" என்கிறார்.

தயவுசெய்து செய்யாதீர்கள். செயலற்ற (நாமே கேட்டு நிறுத்திவைத்த) அல்லது கெடு தவறிய லைசென்ஸை வைத்துக்கொண்டு 12 மாதம் வரை வேலை பார்ப்பது புளோரிடாவில் முதல் நிலைச் சிறுகுற்றம். 12 மாதத்தைத் தாண்டினால் மூன்றாம் நிலைப் பெருங்குற்றம். ஒழுங்கு நடவடிக்கை தனியாக வரும். முதலாளிக்கும் இதில் பாதுகாப்பு இல்லை. மெடிகேர், மெடிகெய்டு என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களின் பணம் வாங்கும் இல்லத்துக்கு, மாநிலம் லைசென்ஸ் கேட்கும் இடத்தில் லைசென்ஸ் உள்ள நிர்வாகி இருந்தாக வேண்டும் என்பது கூட்டாட்சி விதி.

நிர்வாகிகளுக்கு லைசென்ஸ் வேண்டும் என்ற ஏற்பாடு 1967-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தத்தில் வந்தது. படுக்கையை விட்டு எழ முடியாத ஒரு பாட்டிக்குப் புண் வந்ததா, இரவுப் பணிக்கு ஆள் போதுமா, மருந்து சரியாகப் போனதா என்பதற்கெல்லாம் பெயர் சொல்லி ஒருவர் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பெயருக்குத் தகுதி இல்லாமல் போனால், பிள்ளைகள் நம்மை நம்பி விட்டுச்சென்ற பெரியவர்களுக்குத்தான் நாம் துரோகம் செய்கிறோம். முதலாளியிடம் எழுத்தில் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். மீட்ட பிறகு திரும்பிப் போகலாம்.

திடீரென்று நிர்வாகி இல்லாமல் போனால் அந்த இல்லம் என்ன செய்யும்?

தற்காலிக லைசென்ஸுக்கு வழி உண்டு. நிர்வாகி இறந்துவிட்டாலோ, நோய்வாய்ப்பட்டாலோ, வேலையைக் கைவிட்டுப் போய்விட்டாலோ, அந்தக் காலியிடத்தை நிரப்ப ஒரே ஒரு முறை, அதிகபட்சம் 6 மாதத்துக்கு, நிர்வாகிகளின் லைசென்ஸைக் கவனிக்கும் மாநிலச் சபை தரும்.

அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. கோவைக்குப் போகிறேன், திரும்ப எத்தனை வருஷம் ஆகுமோ தெரியாது. லைசென்ஸை அப்படியே விட்டுவிடலாமா?

விடாதீர்கள் தம்பி. கிளம்புவதற்கு முன்பே செயலற்ற நிலைக்கு மாற்றிவிடுங்கள். அதற்கும் இரண்டாண்டுக்கு ஒருமுறை கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், ஆனால் லைசென்ஸ் உயிரோடு இருக்கும். திரும்பி வந்து செயல்நிலைக்கு மாறும்போது, செயலற்று இருந்த ஒவ்வொரு சுற்றுக்கும் உரிய பயிற்சியை முடித்திருக்க வேண்டும். இரண்டு சுற்று என்றால் 80 மணி நேரம். கோவையில் இருந்தபடியே ஆன்லைனில் கொஞ்சம் கொஞ்சமாக முடித்து வைப்பது நல்லது. இத்தகைய மாநிலச் சபைகளின் தேசிய அமைப்பான என்ஏபி அங்கீகரித்த வகுப்புகளாகப் பார்த்து எடுங்கள். தொடர்ந்து இரண்டு சுற்றுக்கு மேல் போனால், வேலைக்கு இன்னும் தகுதி இருக்கிறது என்று நிரூபிக்கச் சொல்ல இடம் உண்டு. ஒன்று நினைவிருக்கட்டும், செயலற்ற நிலையில் இருந்தாலும் பழைய புகாருக்காக உங்கள்மேல் நடவடிக்கை எடுக்கச் சபைக்கு அதிகாரம் உண்டு. அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் லைசென்ஸ் செல்லாததாகி ஆறு வருஷம் ஆகிவிட்டது. பழைய எண்ணைத் திரும்ப வாங்க வழி இருக்கிறதா?

புதிதாக விண்ணப்பிப்பவருக்கு என்னென்ன நிபந்தனைகளோ, அத்தனையும் இப்போது உங்களுக்கும் உண்டு. விண்ணப்பத்தோடு பழைய வேலைப் பதிவுகள், பட்டச் சான்றுகள், முன்பு எழுதிய தேர்வு முடிவுகள் எல்லாவற்றையும் இணையுங்கள். அவற்றில் எதை ஏற்பது என்பதைச் சபைதான் சொல்லும். அதற்கு முன்னால் தேர்வுக் கட்டணம் எதையும் கட்டிவிடாதீர்கள்.

டெக்சஸுக்கு மாறுகிறேன். நர்ஸ்களைப் போல ஒரே லைசென்ஸில் அங்கேயும் வேலை செய்யலாமா?

முடியாது. நர்ஸ்களுக்கு மாநிலங்களுக்கிடையே ஒப்பந்தம் இருக்கிறது, நமக்கு இல்லை. அங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அது கைக்கு வரும்வரை புளோரிடா லைசென்ஸைச் செயல்நிலையிலேயே வைத்திருங்கள். கெடு தவறிய லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு மாநிலத்தின் கதவைத் தட்டினால் விளக்கம் சொல்லியே களைத்துப்போவீர்கள்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கில் எதிர்வாதம் செய்யாமல் முடித்துக்கொண்டேன். புதுப்பிக்கும்போது சொன்னால் போதுமா?

போதாது. குற்றத்தை ஒப்புக்கொண்டாலும், எதிர்வாதம் செய்யாமல் விட்டாலும், 30 நாளுக்குள் சபைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் அதுவே தனிக் குற்றச்சாட்டாகிவிடும். 30 நாள் தாண்டிவிட்டதென்றால், லைசென்ஸ் வழக்குகள் பார்க்கும் வக்கீல் ஒருவரை இந்த வாரமே பாருங்கள், அவர் மூலமாகவே எழுதுங்கள்.

சென்னையில் 30 படுக்கை மருத்துவமனையைப் பல வருஷம் நிர்வகித்திருக்கிறேன். நேரடியாக லைசென்ஸ் கிடைக்குமா?

கிடைக்காது அண்ணா. முதலில் உங்கள் பட்டத்தை அமெரிக்கப் பட்டத்துக்கு ஈடாக மதிப்பிட்டு வாங்குங்கள். பட்டத்தையும் அனுபவத்தையும் பொறுத்து, பயிற்சி நிர்வாகியாக 1,000 அல்லது 2,000 மணி நேரம் ஒரு இல்லத்தில் இருக்க வேண்டிவரும். பிறகு தேசியத் தேர்வு, அதோடு புளோரிடாவின் சட்டங்கள், விதிகள் பற்றிய தேர்வு. பயிற்சிக்கு உங்களை எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கும் நிர்வாகியைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை, அதை இப்போதே தொடங்கிவிடுங்கள்.